பலகை வீட்டுக்கு வெளிச்சட்டை

ஜொகூரின் செடெனாக் பக்கத்துப் பழைய பலகை வீடுகளுக்கு ஏர்கோன் வந்ததும் இரண்டு புகார்கள் கேட்கின்றன. மேற்குச் சுவர் பொழுது சாய்ந்த பிறகும் சுடுகிறது. உள்பக்கம் பூஞ்சை பூக்கிறது. உடனே கைபேசியில் ஓர் ஐரோப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, உள்சுவரில் பிளாஸ்டிக் தாள் அடித்து மூடிவிடுகிறார்கள். குளிர்நாட்டில் அது சரி; அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். ஜொகூரில் நேர் எதிர். நம் வெளிக்காற்று ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வியர்க்கும். ஏர்கோனை 18இல் வைத்தால் சுவரின் உள்பக்கம்தான் அந்தக் குளிர்ந்த இடம். பலகை இடுக்கு வழியாக வரும் நீராவி பிளாஸ்டிக்கின் முதுகில் தண்ணீராகி, மரத்தை மக்கவைக்கும். ஆகவே சூட்டைத் தடுக்கும் வேலையை வெளியிலிருந்து செய்யுங்கள். உள்பக்கத்தை மூடவே மூடாதீர்கள். வினைல் தாள், பளபளக்கும் எண்ணெய்ச் சாயம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

கூரை வெறும் ஜிங்க் தகரமாக இருந்தால் சுவரைத் தொடாதீர்கள், முதலில் கூரை. அது முடிந்திருந்தால் மேற்குச் சுவர். காசு மிஞ்சினால் கிழக்கு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வடக்கையும் தெற்கையும் அகலமான இறவாரமே பார்த்துக்கொள்ளும். நான்கு சுவரையும் செய்யச் சொல்லும் குத்தகைக்காரரை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தோட்ட வீடென்றால் நிர்வாகத்தின் அனுமதி வாங்குங்கள். சுவரில் பழைய சிமென்ட் தகடு இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அறுப்பதோ துளைப்பதோ கூடாது.

தொடங்குமுன் கரையான் இருக்கிறதா பாருங்கள், மக்கிய பலகையை மாற்றுங்கள், ஈரமானியில் மரம் 18 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும்வரை காத்திருங்கள். நவம்பர் தொடங்கும் பருவமழையில் இந்த வேலையே வேண்டாம்.

இனி அடுக்கு. பழைய பலகை படுக்கையாக இருந்தால் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் இடத்தில்தான் உள்ளே நிலைச்சட்டம் இருக்கிறது. அதன்மேல் 2க்கு 2 அங்குலச் சட்டங்களைச் செங்குத்தாக முடுக்குங்கள். செங்கால் மரமென்றால் துளை போடாமல் திருகு இறங்காது. மருந்தேற்றிய சட்டத்துக்கு எவர்சில்வர் திருகு வாங்குங்கள், சாதா இரும்பை அந்த மருந்து தின்றுவிடும். சட்டங்களுக்கு நடுவே சூட்டைத் தடுக்கும் 50 மில்லிமீட்டர் ராக்வூல் பலகை. ஒருபுறம் அலுமினியத் தாள் ஒட்டியதைத்தான் கடைக்காரர் நீட்டுவார். வெறும் ராக்வூலைக் கேட்டு வாங்குங்கள், தாள் ஒட்டியதில் கசிந்த மழை எளிதில் காயாது. வெள்ளை நுரைப்பலகை மலிவு என்பார்கள். அது ஆவியை எளிதில் விடாது, தீப்பிடிக்கும், கரையான் அதைக் குடைந்துகொண்டே மேலே ஏறும். பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ராக்வூலுக்கு மேலே ஆவியை விட்டு நீரைத் தடுக்கும் ஹவுஸ்ரேப் தாள். கீழிருந்து மேலே போங்கள். மேல்தாள் கீழ்த்தாளின்மேல் ஆறு அங்குலம் ஏறி நிற்கட்டும். வெயிலில் மாதக்கணக்கில் விடாதீர்கள். அதன்மேல் முக்கால் அங்குலத்துக்குக் குறையாத செங்குத்துச் சட்டம், பிறகு வெளிப்பலகை. அந்த முக்கால் அங்குல இடைவெளிதான் முழு வேலைக்கும் உயிர். மாலை மழையில் ஊறிய பலகைமேல் மறுநாள் வெயில் விழுந்தால் ஆவி உள்நோக்கித் தள்ளப்படும்; இடைவெளியில் காற்று மேலேறினால் ஆவியும் சூடும் கூடவே போய்விடும். அதற்கு அடியும் உச்சியும் திறந்திருக்க வேண்டும். பல்லி வரும் என்று சொல்லி உச்சியைச் சிலிக்கான் வைத்து அடைக்கிறார்கள். அடைத்தால் காற்று எங்கே போகும்? எவர்சில்வர் வலை அடியுங்கள், பல்லி வராது.

எல்லாரும் சறுக்கும் இடம் ஜன்னல். சுவர் மூன்றரை அங்குலம் வெளியே வந்துவிட்டதால் ஜன்னல் பள்ளத்துக்குள் போய்விடும். வெளிப்பக்கம் திறக்கும் பழைய பலகைக் கதவுகள் இனி சுவரோடு ஒட்டி மடியாது, பாதியிலேயே முட்டி நிற்கும். கீலையும் கதவையும் புதிய முகப்புக்கு முன்னே நகர்த்துங்கள். வேறு குறுக்குவழி கிடையாது. கண்ணாடிப் பட்டைகள் வைத்த நாக்கோ ஜன்னலென்றால் கதவுத் தொல்லை இல்லை, தண்ணீர்த் தொல்லை மட்டும். இரண்டுக்கும் வரிசை ஒன்றே. முதலில் அடித்தட்டு: மடித்த தகரம், வெளியே சரிவாக, வெளிப்பலகையைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டி, இரு ஓரமும் மேலே மடங்கி. பிறகு பக்கங்கள். கடைசியில் தலைத்தகரம், அதன் மேல்விளிம்பு ஹவுஸ்ரேப் தாளுக்கு உள்ளே போக வேண்டும், தாளின்மேல் அல்ல. தாளின்மேல் வைத்துச் சிலிக்கான் பூசினால் சிலிக்கான் வெடிக்கும் நாளில் தண்ணீர் நேரே ராக்வூலுக்குள் இறங்கும். ஜன்னலுக்கு மேலும் கீழும் இடைவெளி அறுபடுகிறதே, அங்கும் காற்றுக்கு வழி விட்டு வலை அடியுங்கள்.

வெளிப்பலகை அடிப்பதற்கு முன் ஒருவரை உள்ளே நிறுத்தி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலிருந்து குழாயில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கசிந்தால் தகரத்தைக் கழற்றி மறுபடி வையுங்கள். பசை பூசிச் சமாளிக்காதீர்கள்.

வெளிப்பலகை உங்கள் விருப்பம். எனக்கு மரம்தான், அதுவும் வெளிர் நிறத்தில். அடர்நிறம் பூசினால் வெயிலை நீங்களே அழைத்த மாதிரி. கீழ்விளிம்பைத் தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். வீட்டுக் கால்கள் வெளியே தெரிந்தால்தான் கரையான் மண்கோடு கண்ணில் படும். அடிப்பலகையை ஆணி அடிக்காமல் திருகில் மாட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, வலையில் குளவி கட்டிய மண்கூட்டைத் தட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாம்.