வறுவல் வகைகளைச் சுவைத்து ஒப்பிட்டறியும் முறை

காரைக்கால் கடைவீதியில் உருளைக்கிழங்கு, வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகிய மூவகை வறுவல்களும் விற்கப்படுகின்றன. இவற்றுள் உருளைக்கிழங்கு இக்கடற்கரைக்கு ஏற்ற பயிரன்று. இரவு வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்திருந்தால்தான் அது நன்கு கிழங்கு கட்டும். ஆதலின் நீலகிரி முதலிய வெளியிடங்களினின்று வரும் கிழங்கையே வாங்கவேண்டியிருக்கிறது. மொந்தன் வாழையும் மரவள்ளியும் பயிரிடுவோர், தம் விளைபொருள் அதற்கு ஈடாகுமா என்று அறிந்துகொள்வது, காய் விலை வீழும் காலத்தில் பெரிதும் பயன்தரும்.

வறுவலின் குணம் பெரும்பாலும் வாணலிக்கு வருமுன்னரே அமைந்துவிடுகின்றது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது நீர். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 100க்கு 80 பங்கு நீராகும். வறுக்குங்கால் நீர் ஆவியாய் வெளியேற, அவ்விடத்தில் எண்ணெய் புகுகின்றது. எனவே நீர் மிகுந்த கிழங்கு எண்ணெயை அதிகமாகக் குடிக்கும். வறுவலும் எடை குறையும். 1 லிட்டர் நீரில் 130 கிராம் உப்பைக் கரைத்துக் கிழங்கை அதில் இட்டால், மூழ்குவது மாவுச்சத்து மிக்கது. மிதப்பது நீர் மிக்கது. மூழ்குவதே வறுவலுக்கு உகந்தது.

இரண்டாவது சர்க்கரை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறம் பெறுவதை 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் லூயி கமில் மயார் விளக்கினார். மிகுந்த குளிரில் சேமித்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால், அதன் வறுவல் கருத்துக் கசக்கும். சர்க்கரை குறைந்த ‘குப்ரி சிப்சோனா’ இரகங்கள் வறுவலுக்கென்றே 1998 முதல் வெளியிடப்பட்டன. வாழைக்காய்க்கும் இவ்விதி பொருந்தும்: பழுக்கத் தொடங்கிய காய் வாணலியில் விரைவில் சிவந்துவிடும். கருகிய வறுவலில் அக்ரிலமைடு என்னும் தீய பொருள் மிகுதியாக உண்டாவதும் 2002இல் சுவீடனில் கண்டறியப்பட்டது.

மரவள்ளியில் நீர் குறைவு. ஆயினும் தோண்டிய இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். கசக்கும் கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டாகுமாதலின் அதனை அறவே விலக்குக.

ஒப்பிடும் முறை வருமாறு:

1. மூன்றையும் தோல் நீக்கி, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி, நீர் வடித்துத் துடைத்துக்கொள்க.

2. ஒரே வகைக் கடலை எண்ணெயில், ஒரே சூட்டில், தனித்தனியே வறுத்து, எடைக்குத் தக்கபடி சம அளவு உப்பிடுக. மிளகாய்த்தூள் சேர்த்தால் குற்றம் மறையும். ஆதலின் அது வேண்டா.

3. இன்னது இன்ன வறுவல் என்று உரைக்காமல், தட்டுகளுக்கு அடையாள எண் மட்டும் இட்டுப் பத்துப் பேருக்குக் கொடுக்க. வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுக. ஒவ்வொன்றையும் உண்டபின் வாய் கொப்பளித்தல் அவசியம்.

4. நிறம், மொறுமொறுப்பு, எண்ணெய்ப்பசை, மணம், சுவை ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே 10க்கு இத்தனை என மதிப்பிட்டு எழுதச்செய்க.

5. மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, பத்து நாட்களுக்குப்பின் மீண்டும் சுவைக்க. நமுத்துப்போனதும் சிக்குவாடை வீசுவதும் அன்று வெளிப்படும்.

இத்துடன் பச்சைக்காயின் எடை, கிடைத்த வறுவலின் எடை, செலவான எண்ணெய் ஆகியவற்றையும் குறித்துவைத்தல் வேண்டும். சுவையில் முதலாவதாக வந்தது இலாபத்திலும் முதலாவதாக இருக்குமென்பது நிச்சயமன்று. கிராம அதிகாரிகள் தத்தம் கொம்யூனில் இச்சோதனையை நடத்தி, கணக்கை விவசாயிகள் முன்னிலையில் படித்துக்காட்டுவார்களாயின், வாழைத்தாரை முழுதும் வியாபாரியிடம் கொடுப்பதா, ஒரு பகுதியை வறுவலாக்கி விற்பதா என்பதை அவரவர் கணக்கைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம்.