செப்பேட்டிலும் புதினத்திலும் இராசசிம்ம பாண்டியன்

தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியின் பெயரில், கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் ‘தேவதானம்’ என்னும் சொல் இன்றும் நிலைத்துள்ளது. கொடையின் மொழி ஊர்ப்பெயராக உறைந்துபோன இவ்வட்டாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரிலிருந்து பாண்டியர் கொடைச் செப்பேடுகள் இரண்டு கிடைத்துள்ளன. அவற்றுள் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்டது. இவனை இரண்டாமவன் என்றும் மூன்றாமவன் என்றும் வரலாற்றறிஞர் வேறுபட எண்ணுவர். மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியமை, மதுரையில் சங்கம் நிறுவியமை ஆகிய செய்திகளுக்காகவே தமிழ் மாணவர் இச்செப்பேட்டை அறிவர்; அதனை வழங்கிய மன்னன் அவர்தம் கவனத்திற்கு வருவது அரிது.

செப்பேடு காட்டும் இராசசிம்மன் வெற்றி வேந்தன். தஞ்சையர் கோனை நெய்ப்பூரில் வென்றவன், கொடும்பையில் பொருதவன், வஞ்சியை எரித்தவன். பராந்தக வீரநாராயணனுக்கும் வானவன்மாதேவிக்கும் மகன். நற்செய்கைப்புத்தூரை மந்தரகௌரவமங்கலம் எனத் தன் விருதுப் பெயரால் வழங்கச் செய்து அந்தணர்க்கு அளித்தவன். சோழர் தரப்புச் சான்றோ இதற்கு நேர்மாறானது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உதயேந்திரம் செப்பேடு, இராசசிம்மனும் அவனுக்குத் துணைவந்த ஈழப்படையும் தோற்றதாகக் கூறுகிறது. இரண்டும் அரசவைப் புகழ்மொழிகளே. எனவே ஒன்றைக்கொண்டு மற்றதைப் பொய்யெனத் தள்ளுவது முறையன்று. பராந்தகன் ‘மதுரை கொண்ட’ என்னும் அடைமொழியைத் தாங்கியதும் மதுரை அவன்வயப்பட்டதும் மறுக்கவியலாதவை.

தோற்றபின் நிகழ்ந்ததைச் சொல்வது சிங்கள நாட்டுப் பாலி நூலாகிய சூளவம்சம். தப்புலன் என்னும் ஈழவேந்தனிடம் பாண்டியன் அடைக்கலம் புகுந்தான். உதவி கிட்டாமையால் மணிமுடி முதலியவற்றை அங்கேயே வைத்துவிட்டுக் கேரளம் சென்றான். மன்னனின் மௌனத்தை அயல்நாட்டு நூலொன்று நிரப்பும் இந்த இடத்திலேயே புதினத்திற்கு வாயில் திறக்கிறது.

நா. பார்த்தசாரதியின் ‘பாண்டிமாதேவி’ இம்மன்னனை நேரடியாகக் கதைமாந்தனாக்குகிறது. செப்பேட்டில் மரபுவரிசைக்குள் ஒரு பெயராக மட்டும் வந்து நீங்கும் வானவன்மாதேவி, இங்கு நூலின் பெயருக்கே உரியவளாகிறாள். அரசியரின் அகவாழ்வுக்குச் செப்பேட்டு இலக்கணம் இடம் தருவதில்லை. அந்த இடைவெளியைக் கண்டு நிரப்பியதே இப்புதினத்தின் பெருமை. ஆனால் அதற்கு ஆசிரியர் கொடுத்த விலை சிறிதன்று. 16 ஆண்டுகளேனும் முடிசூடி ஆண்டவனைத் தந்தையை இழந்த ‘குமார பாண்டியன்’ ஆக்கிவிடுகிறார். முடியைத் துறந்து போகும் நடுவயது வேந்தனின் துயரமும், முடியை இன்னும் பெறாத இளைஞனின் அலைச்சலும் ஒன்றல்ல. முன்னதே வரலாறு தந்த கரு. அதனை எழுதியிருந்தால் தமிழுக்கு அரியதொரு அவலக்கதை கிடைத்திருக்கும். சக்கசேனாபதியின் நிலையும் இத்தகையதே. பாண்டியனுக்குத் துணையாகப் படை நடத்திவந்து கொள்ளைநோயால் மாண்டதாகச் சூளவம்சம் கூறும் அப்படைத்தலைவன், புதினத்தில் இளவரசனைக் காக்கும் பெரியவராக வாழ்கிறான். இம்மாற்றம் கதைக்கு ஊறு செய்யவில்லை. இராசசிம்மனின் வயதை மாற்றியதே கதையின் உள்ளீட்டை மாற்றியது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–1954) மன்னனை விடுத்து முடியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஈழத்தில் பாண்டியரின் மணிமகுடமும் இரத்தினமாலையும் இருக்குமிடம் தனக்குத் தெரியும் என்று கூறும் கருத்திருமனைப் பைத்தியக்காரனென்று பாதாளச் சிறையில் அடைத்துவைக்கின்றனர். இழந்த அரசுரிமையின் அடையாளம் கதையில் புதையலாகச் சுருங்கிவிடுகிறது.

வரலாற்றிலும் அம்முடியின் கதை நீண்டதே. பராந்தகன் அதனைக் கேட்டும் படையனுப்பியும் பெற இயலவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து முதலாம் இராசேந்திரனே கைப்பற்றினான். அவனது மெய்க்கீர்த்தி சுந்தர முடியையும் இந்திரன் ஆரத்தையும் பெயர்சுட்டிச் சொல்கிறது. அவற்றை ஈழத்தில் வைத்துச் சென்றவனுக்கோ அங்குத் ‘தென்னவர்’ என்ற பொதுப்பெயரே வாய்த்தது.