தோற்றும் மதிப்புப் பெற்ற வீரர்

பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய், 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தோற்றார். ஆயினும் ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் அவரை இழித்துப் பேசுவாரை நாம் கண்டதில்லை.

அத்தகைய மதிப்புக்குரிய இன்னொருவர், கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த தமிழ் இளைஞர் அகிலன் தானி. அவருடைய துறை கலப்புத் தற்காப்புக் கலை. குத்து, உதை, மல்யுத்தப் பிடி யாவும் இதில் அடங்கும். 2017 மே 26ஆம் நாள் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காக அவர் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 21. எதிரே நின்றவர் பென் அஸ்க்ரன். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் புரிந்தவர், இப்போட்டிகளில் அதுவரை தோல்வியே காணாதவர். முதற்சுற்று முடியுமுன்னரே அகிலன் கழுத்துப் பிடியில் அகப்பட்டுத் தோற்றார்.

இப்பிடியைச் சற்று விளக்குவோம். பிடிப்பவரின் கை ஒருபுறமும், அகப்பட்டவரின் சொந்தத் தோளே மறுபுறமும் கழுத்தின் இரத்தக் குழாய்களை நெருக்கும். மூளைக்கு இரத்தம் குன்றிச் சில வினாடிகளில் நினைவு தப்பும். ஆதலால் அகப்பட்டவர் எதிரியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டலாம். நடுவர் உடனே நிறுத்திவிடுவார். இதனைக் கோழைத்தனம் என்று எள்ளுவோர் உளர். சடுகுடுவில் பிடிபட்டவன் மறுக்காமல் வெளியேறுவதைக் கோழைத்தனம் என்போமா?

அதன் பின்னர் அகிலன் செய்ததே நம் மதிப்புக்குரியது. அவர் பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பினார். வேறு தோல்விகளும் வந்தன. களத்தை விட்டு அகலவில்லை. 2019 ஜூன் மாதம் ஷாங்காயில், புகழ் வாய்ந்த ஜப்பானிய வீரர் யோஷிஹிரோ அக்கியாமாவுடன் மூன்று சுற்றும் நின்று பொருதினார். நடுவர் மூவரும் அகிலனே வென்றார் எனத் தீர்ப்பளித்தனர்.