பட்டாளத்துப் பிள்ளை லீவில் வரும்போது

வடக்கே இருந்து வருகிறவர் பெரும்பாலும் சென்னை சென்ட்ரலில் இறங்குவார். தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸுக்கு அங்கிருந்து வேறு ஸ்டேஷன் போக வேண்டும். டெல்லி வண்டி தாமதமாகும். நாலைந்து மணி நேரம் இடைவெளி விட்டே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

வந்த அன்றே ஊரைக் கூட்டி விருந்து வேண்டாம். சூடாக இட்லி, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்த கடப்பா, ஒரு டிகிரி காபி. பிறகு தூங்க விடுங்கள். தொட்டு உலுக்காமல், கதவோரம் நின்று பேர் சொல்லி எழுப்புங்கள்.

கைக்குழந்தை அப்பாவைப் பார்த்து வீறிட்டால் கையில் திணிக்காதீர்கள். அம்மா மடியிலேயே இருக்கட்டும். அப்பா, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டிக்கொண்டிருந்தால் போதும், சில நாளில் தானே தவழ்ந்து வரும். (அதுவரை "அப்பாவையே தெரியலை பாரு" என்று பாட்டிமார் கிண்டல் செய்யாமல் இருந்தால் புண்ணியம்.)

ஜவான்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள். நடவு, பட்டா, பாகப்பிரிவினை என்று எல்லாவற்றையும் முதல் வாரமே நீட்டாதீர்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: புதிதாகக் கல்யாணமோ குழந்தையோ ஆகியிருந்தால், சான்றிதழ் நகலைக் கொடுத்தனுப்பி யூனிட்டில் பேரைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' போடச் சொல்லுங்கள். பதியாவிட்டால் பின்னால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைச்சல்தான். விவரம் கேட்கத் தஞ்சாவூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.