ஒரே மேசையை இரண்டு முறை வரைந்தவர்



இன்னொருவர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் தன் சொந்தக் கை தொலைந்துவிடும் என்ற பயம் இளம் ஓவியர்களிடம் பரவலாக இருக்கிறது. உனக்கும் அது இருந்தால் இந்தக் கடிதம் உனக்குத்தான். ‘காப்பி’ என்ற சொல்லை நாம் தேர்வறையில் கற்றுக்கொண்டோம். அங்கே அது குற்றம். ஓவியனுக்கு அது பாடம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்டபோது, புரட்சி அரசின் பத்து நாள் வாரத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கிய நாட்கள் மூன்றுதான். அதைவிட அதிக நாட்கள், ஓவியத் தாங்கியும் தூரிகையுமாக வந்து படியெடுக்கும் ஓவியர்களுக்கு. மக்கள் வேடிக்கை பார்க்கும் இடமாவதற்கு முன்பே அது ஒரு பட்டறையாக இருந்தது. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஆனால் லூவரில் படியெடுக்கப் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1866இல் அமெரிக்காவிலிருந்து பாரிஸ் வந்த ஓவியர் மேரி கசாட் தனி ஆசிரியரிடம் பாடம் கேட்டார், மிச்சத்தை லூவரின் சுவர்களிடம் கேட்டார்.

அதே லூவரில் படியெடுத்த பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அவருடைய ஆசிரியர் குஸ்தாவ் மொரோ மாணவர்களை லூவருக்கு விரட்டியவர். 1893இல் மத்தீஸ் அங்கே டச்சு ஓவியர் யான் டேவிட்ஸ் த ஹேம் 1640இல் தீட்டிய ஒரு விருந்து மேசையைப் படியெடுத்தார்: குவிந்த பழங்கள், கண்ணாடிக் கோப்பைகள், கசங்கிய வெள்ளை விரிப்பு, ஓரத்தில் ஒரு லூட் இசைக்கருவி. அடக்கமான, பணிவான பிரதி அது. வந்தவர் போனவர் யாரும் அதில் ஒரு புரட்சிக்காரரைக் கண்டிருக்க மாட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1915இல், அதே பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு அதே மேசையை மறுபடி வரைந்தார். இம்முறை கிட்டத்தட்ட இரண்டேகால் மீட்டர் அகலத்தில். பொருள்களைக் கோணங்களாக உடைத்துக் காட்டும் க்யூபிசம் பாரிஸையே புரட்டிப்போட்டிருந்த காலம். கறுப்புக் கோடுகள் மேசையைத் துண்டு துண்டாக அறுக்கின்றன, விரிப்பு பட்டை பட்டையாக மடிகிறது, பழங்கள் வெறும் வட்டங்களாக இறுகிவிடுகின்றன. ஆனால் எடை எங்கே விழ வேண்டும், கண் எந்த வழியாக உள்ளே நுழைய வேண்டும் என்று த ஹேம் எடுத்த முடிவுகள் அப்படியே நிற்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. முதல் முறை கை பழகியிராவிட்டால் இரண்டாம் முறை எதை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

படியெடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்வது என்று நினைத்துவிடாதே. மைக்கேலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது, பேய்கள் புனித அந்தோணியைச் சூழ்ந்து வதைக்கும் ஜெர்மன் ஓவியர் ஷோன்கவரின் செதுக்குப் படத்தை வண்ணத்தில் தீட்டினார். அந்தப் பேய்களில் சிலவற்றுக்கு மீன் போன்ற உடல். அதற்காகச் சந்தைக்குப் போய் மீன்களின் துடுப்பையும் கண்களையும் பார்த்துவந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய கொண்டிவி பதிவுசெய்திருக்கிறார். கறுப்பு வெள்ளை மூலத்தில் இல்லாத நிறத்துக்கு அவர் மீன்காரரிடம் போனார்! வான்கோவும் செயின்ட் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது ஓவியர் மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். பேத்தோவனை வாசிக்கும் கலைஞர் தன் விளக்கத்தையும் அதில் சேர்ப்பதுபோலத்தான் இது என்று தம்பி தியோவுக்கு எழுதினார். தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரைப் பார்த்து ‘சொந்தச் சரக்கு இல்லையா?’ என்று கேட்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படியெடுத்தே கற்க வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் மொனே. 1867இல் அந்தப் பிரெஞ்சு ஓவியர் லூவரில் வரைய அனுமதி கேட்டு வாங்கினார். உள்ளே போனதும் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டி, மேல்மாடத்திலிருந்து தெரிந்த தெருவையும் தேவாலயத்தையும் நதிக்கரையையும் வரைந்தார். பழையவற்றைத் தொடாமலே புதியது பிறக்கும் என்பதற்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா? வேண்டாம்தான், கதை அங்கேயே முடிந்திருந்தால். அதே மொனே லெ ஆவ்ர் நகரில் சிறுவனாக இருந்தபோது நடாரின் கேலிச்சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். திறந்தவெளியில் தீட்டுவதை ஓவியர் பூதேனுக்குப் பக்கத்தில் நின்று கற்றவர். பிற்காலத்தில் ஜிவெர்னி வீட்டுச் சுவர்களை ஜப்பானிய அச்சோவியங்களால் நிறைத்தவர். லூவரை அவர் ஒதுக்கினார், சரி, ஆசிரியர்களை ஒதுக்கவில்லை. யாரிடம் கற்பது என்று தேர்ந்தெடுத்தார். அந்த உரிமை உனக்கும் இருக்கிறது. லூவரின் பழைய ஓவியர் டிஷியன் உன்னை அசைக்கவில்லை என்றால் டிஷியனை விட்டுவிடு.

திருட்டு பற்றிய கேள்வி வேறு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜெர்மன் ஓவியர் டியூரரின் மரச்செதுக்குப் படங்களை இத்தாலியச் செதுக்கோவியர் மார்க்கன்தோனியோ ரைமொந்தி, டியூரரின் ‘ஏ.டி.’ முத்திரை உட்பட, அப்படியே செதுக்கி விற்றார். டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டார் என்றும், முத்திரையைப் போடக் கூடாது என்ற அளவுக்குத்தான் தீர்ப்புக் கிடைத்தது என்றும் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி சொல்கிறார். இன்று நமக்கு அது போதாத தீர்ப்பாகத் தோன்றும். உயிரோடு இருக்கும் ஒருவரின் பாணியை எடுத்துத் தன் பெயரில் விற்பதற்கு மைக்கேலாஞ்சலோவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், ரஃபேலின் வரைவிலிருந்து இதே ரைமொந்தி செதுக்கிய இன்னொரு படத்தின் மூலையிலிருந்துதான் மனே (மொனே அல்ல, இன்னொரு பிரெஞ்சு ஓவியர்) 1863இல் ‘புல்வெளியில் விருந்து’ படத்துக்கான மனிதர்களை எடுத்தார். அங்கே எடுத்தது அமர்ந்திருக்கும் விதம் மட்டும். அதில் ஆடையணிந்த சமகாலத்து ஆண்களை ஒரு நிர்வாணப் பெண்ணோடு உட்கார வைத்ததும் பாரிஸ் கொதித்தது.

கைபேசித் திரையைப் பார்த்து வரையலாமா என்று கேட்பாய். அமைப்பைக் கற்க அது போதும். வண்ணத்தின் தடிப்பையும் தூரிகை போன திசையையும் அது காட்டாது, அளவையும் மறைத்துவிடும். மூலத்தின் முன்னால் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரே படத்தோடு ஒரு நாள் முழுக்க இரு. வரைந்ததற்குப் பின்பக்கம் மூல ஓவியரின் பெயரையும் தேதியையும் எழுதி, விற்காமல், பத்திரமாக எடுத்து வை. லூவரில் இன்றும் படியெடுப்பவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது: உன் கான்வாஸ் மூல ஓவியத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது, ஒன்று சிறியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரியதாக.