அலறுவது இஞ்சினுக்காக அன்று

கிள்ளானில் ஒரு தேநீர்க் கடை வாசலில், சுபாங் விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து வந்த சிறு விமானத்தின் விளக்கைக் கண்ட பெரியவர் ஒருவர், "ஸ்டால் ஆயிட்டா இஞ்சின் நின்னுடும் தம்பி, அப்புறம் கல்லு மாதிரி விழ வேண்டியதுதான்" என்றார். கார் ஓட்டிப் பழகியவர்க்கு இயல்பாகவே தோன்றும் இந்த அபிப்பிராயம் விமான விஷயத்தில் முற்றிலும் தவறானது.

விமானத்தில் ஸ்டால் என்பது இறக்கைக்கு நேர்வது. எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைக் கடந்ததும், அதுவரை அதன் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சிதற, தூக்கும் சக்தி குன்றிவிடுகிறது. 2009 ஜூன் 1 அன்று நள்ளிரவு கடந்த இருளில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஸ்டால் நிலையிலேயே வீழ்ந்து 228 பேரைப் பலிகொண்ட ஏர் பிரான்ஸ் விமானத்தின் இஞ்சின்கள் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானத்தின் இடது இறக்கை முன்விளிம்பில் ஒரு சிறு துவாரம் உண்டு. கோணம் மிஞ்சுகையில் அவ்விடத்தில் அழுத்தம் குறைந்து காற்று வெளியே உறிஞ்சப்பட, ஆர்மோனிய ரீடு போன்ற ஒரு தகடு அதிர்ந்து அலறுகிறது. மின்சாரம் அறவே வேண்டியதில்லை. புறப்படுமுன் அத்துவாரத்தின்மேல் கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சி, ஒலி எழுகிறதா என்று சோதிப்பது விமானிகளின் வழக்கம்.

வேகம் இருந்தால் பயமில்லை என்பாரும் உளர். ஆனால், மட்டமாகப் பறக்கையில் 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் அதே விமானம், உயரம் குன்றாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்புகையில் 68 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும்.

இரவில் காற்றின் தன்மை மாறுவதில்லை. மாறுவது மனிதனுடைய புலன்கள். துறைமுக விளக்குகள் முடிந்து மலாக்கா நீரிணையின் அந்தகாரம் தொடங்குமிடத்தில் அடிவானமே மறைந்து, மீன்படகின் விளக்கும் நட்சத்திரமும் ஒன்றாய்த் தோன்றும் வேளையில், விமானத்தின் மூக்கு மெல்ல உயர்வதை உடல் அறியாது. ஆகவே அலறல் எழுந்த கணமே, உள்ளுணர்வு எதைச் சொன்னாலும், கைப்பிடியை முன்னே தளர்த்திக் கோணத்தைக் குறைத்து, இறக்கைகளைச் சமன்செய்து, இஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, கருவிகளையே நம்பிப் பறக்கவேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

1989 பிப்ரவரி 19-ஆம் தேதி, விடியுமுன் சுபாங்கை நெருங்கிய சரக்கு விமானமொன்று பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வர் மாண்டனர். அது ஸ்டால் அன்று. எனினும், நிலம் நெருங்குவதை அறிவிக்கும் எச்சரிக்கை அந்த விமானி அறையில் ஒலித்தது, அதற்கு ஒருவரும் செவிசாய்க்கவில்லை.