கோழி இறகைக் கம்போஸ்டு எருவாக்கும் முறை

வேதாரண்யம் தாலுகாவின் கடலோர மணற்பூமி, காவிரிப் பாசன வண்டல் வயல்களைப் போல உரத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் இயல்புடையதன்று. அதில் இடும் யூரியா, ஒரு கனமழை பெய்தாலும் கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கரையைக் கடந்த கஜா புயலில் தென்னந்தோப்புகள் வீழ்ந்தபின், புதிதாக வைத்த கன்றுகளை அம்மணலில் தேற்றுவதற்கு எரு எவ்வளவு அவசியமென்பதை நிலமுடையோர் நன்கு அறிவர். அவ்வெருவுக்கு உதவக்கூடிய பொருளொன்று, இறைச்சிக் கடைகளினின்று தினந்தோறும் வெளியேறி, வாய்க்கால் கரைகளில் வீணாய்க் கிடக்கின்றது. அதுவே கோழி இறகு.

இறகிலுள்ள சத்து

உலர்ந்த இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெராட்டின் என்னும் புரதமாகும். 100 கிலோ உலர்ந்த இறகில் சுமார் 15 கிலோ தழைச்சத்து உண்டு. கோழியின் உயிர் எடையில் 5 முதல் 7 சதவீதம் இறகாகும். தினம் 2 கிலோ எடையுள்ள 50 கோழிகளை அறுக்கும் கடையில் நாளொன்றுக்கு 5 கிலோவுக்குக் குறையாமல் இறகு சேரும். ஒரு மாதத்து இறகிலுள்ள தழைச்சத்து, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதற்கு ஏறக்குறைய ஈடாகும்.

ஆயினும் இறகை அப்படியே நிலத்தில் இடுவதால் உடனே பயனில்லை. கெராட்டின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டியிருப்பதால், அது நெடுநாள் மக்காது கிடக்கும், காற்றிலும் பறந்துபோகும். எரித்தால் தழைச்சத்து புகையாய்ப் போவதுடன், கந்தகப் புகை ஊராருக்குத் தீங்காகும். வாய்க்காலில் எறிந்தால் மதகை அடைத்து நீரைக் கெடுக்கும்.

பெருந்தொழிற்சாலைகளில் அழுத்தமுள்ள நீராவியில் இறகை வேகவைத்து, உலர்த்தித் தூளாக்குகின்றனர். அதற்கு வேண்டிய கொதிகலனும் எரிபொருளும் கிராமத்திற்குக் கட்டுப்படியாகா. அவ்வேலையை நுண்ணுயிர்களைக் கொண்டே செய்துகொள்ளலாம். இறகைச் சிதைக்கும் பாசில்லஸ் லைக்கெனிபார்மிஸ் என்னும் நுண்ணுயிரைக் கோழிக்கழிவுக் கலத்தினின்று பிரித்தெடுத்து, அமெரிக்காவின் வட கரோலினா ஆராய்ச்சியாளர்கள் 1990-இல் விவரித்தனர். இத்தகைய உயிர்கள் மண்ணிலும் இயற்கையாகவே உள்ளன. அவற்றுக்கு வேண்டுவன ஈரமும், காற்றும், தக்க அளவில் வைக்கோலுமே. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்ட கம்போஸ்டு முறை இதற்கும் பொருந்தும்.

குவியல் அமைத்தல்

இம்முறையில் பெரும்பாலோர் தவறுவது வைக்கோலின் அளவிலேயாகும். உலர்ந்த இறகு 1 கிலோவுக்கு வைக்கோல் 10 முதல் 13 கிலோ வரை வேண்டும். கடையிலிருந்து நனைந்து வரும் இறகு 3 கிலோவை, உலர்ந்தது 1 கிலோவாகக் கணக்கிடலாம். மாட்டுத்தீவனத்திற்கு உதவாத வைக்கோல், தொழுவக் கூளம், சவுக்குச் சருகு, நறுக்கிய தென்னை ஓலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். குவியலில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி எழுமாயின் வைக்கோல் போதவில்லையென்றும், தழைச்சத்து காற்றில் போகின்றதென்றும் அறிக.

மேட்டுநிலத்தில் 6 அடி அகலத்திற்கு வைக்கோலை ஒரு சாண் உயரம் பரப்பி, அதன்மேல் இறகை மெல்லியதாகத் தூவி, சாணக் கரைசலும் சிறிது தோட்டமண்ணும் தெளிக்க வேண்டும். இவ்வாறே அடுக்கி 4 அல்லது 5 அடி உயர்த்தி, நாய்கள் கிளறாதபடி ஓலையால் மூடுக. நல்ல நீரையே ஊற்ற வேண்டும், உப்புநீர் ஆகாது. குவியலினின்று ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், விரலிடுக்கில் நீர் கசியும் அளவே ஈரம் இருத்தல் வேண்டும்.

சில நாட்களில் குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். நோய்க்கிருமிகளை ஒடுக்குவது இச்சூடே. ஆதலால் மூன்று வாரத்திற்கொருமுறை வெளிப்புறம் உள்ளே போகுமாறு புரட்டுதல் அவசியம். இறகின் தண்டு கடைசியாகவே மக்கும். அது கண்ணுக்குப் புலப்படாமல், மண்வாசனை வீசும்போது எரு பக்குவமாயிற்று எனக் கொள்ளலாம். இதற்குச் சாதாரணமாக மூன்று நான்கு மாதங்கள் ஆகும். சம்பா அறுவடைக்குப்பின் வைக்கோல் கிடைக்கும் தை, மாசியில் தொடங்கினால், தென்னைக்கு உரமிடும் ஆனி, ஆடிக்கு எரு கைக்கு வரும்.

கவனிக்க வேண்டியவை

இவ்வெரு மெல்ல மெல்லச் சத்தை விடுவதே மணற்பூமிக்கு அதன் சிறப்பாகும். ஆயினும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இதில் குறைவாதலால் அவற்றைத் தனியே இடவேண்டும். நோயால் இறந்த கோழிகளையோ அவற்றின் இறகையோ எக்காரணம் கொண்டும் குவியலில் சேர்த்தல் கூடாது. கால்நடை மருத்துவருக்கு அறிவித்து, அவர் சொற்படி சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கடைக்காரர்களை அழைத்து, குடலும் இரத்தமும் கலவாமல் இறகைத் தனிச் சாக்கில் கட்டித்தரச் செய்து, குடியிருப்புக்கும் குளத்திற்கும் எட்டிய பொது இடமொன்றைக் குவியலுக்கு ஒதுக்கித் தருவார்களாயின், வாய்க்காலும் சுத்தமாகும், தோப்பும் செழிக்கும்.